யார் வண்டி இது?

பெங்களூரில் கார் வாங்குவது பெரிய காரியம் இல்லை. அதை நிறுத்த ஓர் இடம் பிடிப்பதும், பிடித்த இடத்தை விடாமல் காப்பதும்தான் பெரிய காரியம். காக்ஸ் டவுனில் அதற்கு ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். ஒருவர் தெருவோரம் செங்கல் அடுக்கி வைப்பார். இன்னொருவர் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போடுவார். செடித்தொட்டியை வைத்து, அதற்குத் தவறாமல் தண்ணீரும் ஊற்றி, ஏதோ ஊருக்கு நிழல் வளர்க்கிற புண்ணியவான் மாதிரி முகத்தை வைத்துக்கொள்பவர்களும் உண்டு. கோவிந்தராஜன் இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டார். இடம் பிடிப்பதற்கு அவர் ஒரு காரையே போட்டு வைத்திருந்தார்.

ஓடுகிற கார் இல்லை. வேலூரில் இருந்தபோது யாரிடமோ பழையதாக வாங்கிய வெள்ளைக் கார். வண்டிப் புத்தகத்தில் பெயர் மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்து, மாற்றாமலே விட்டுவிட்டார். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் பர்சேஸ் மேனேஜராக வேலை கிடைத்து, காக்ஸ் டவுனில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்த வாரமே அந்த வண்டி மூச்சை நிறுத்தியது. நின்ற இடம் அப்பார்ட்மெண்டுக்கும் சர்ச்சுக்கும் நடுவில் இருந்த கார்ப்பரேஷன் நிலம். யார் வேண்டுமானாலும் வண்டி நிறுத்துகிற இடம், அதனால் யாருக்கும் நிறுத்த இடம் கிடைக்காத இடம். கோவிந்தராஜன் புதுக் கார் வாங்கினார். அது அப்பார்ட்மெண்டுக்குள் அவருக்கென்று ஒதுக்கிய இடத்தில் நின்றது. பழையதை விற்கப் போனவர், விற்காமல் ஒரு சாம்பல் நிற உறையை வாங்கிப் போர்த்திவிட்டு வந்தார்.

காரணம் அவருடைய மகன் கவியரசன். வைட்ஃபீல்டில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் மனைவியோடு சாப்பிட வருவான். வந்தால் கார் நிறுத்த இடம் தேடித் தெருத்தெருவாகச் சுற்றுவான். ஒரு தடவை அப்படிச் சுற்றிவிட்டு, சாப்பிடாமலே திரும்பிப் போய்விட்டான். அன்றைக்கு அவன் அம்மா மங்களம் அழுத அழுகையில்தான் கோவிந்தராஜனுக்கு இந்த யோசனை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்யாவு வந்து செத்த காரை மதில் ஓரம் தள்ளிவிடுவார். மகனின் கார் அந்த இடத்தில் நிற்கும். சாயங்காலம் அவன் போனதும் அய்யாவு பழையபடி வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து உறையைப் போட்டுவிடுவார்.

அய்யாவு அந்த இடத்தில் கார் துடைக்கிறவர். ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில் குடியிருந்தார். விடிந்ததும் பக்கெட்டும் துணியுமாக வந்து, வரிசையாக எல்லா வண்டியையும் துடைத்துவிட்டுப் போவார். அவருக்கும் கோவிந்தராஜனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருந்தாலும் அவர் இவரை "சார்" என்பார், இவர் அவரை "வா போ" என்பார். அப்படியே பழகிவிட்டது, இரண்டு பேருமே அதைப் பற்றி யோசித்தது இல்லை. அந்தக் கார் கோவிந்தராஜனுடையது என்று வீட்டுக்கு வெளியே தெரிந்த ஒரே ஆள் அய்யாவுதான்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மூன்றாவது மாடிக்குப் பிரபா குடிவந்தாள். ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிற பெண், சேலத்துக்காரி. வந்த வேகத்தில் கார்ப்பரேஷனுக்கு அலைந்து, அந்த இடத்தை வண்டிகளிடமிருந்து மீட்டு மனிதர்களுக்குக் கொடுக்கலாம் என்று அனுமதியே வாங்கிவிட்டாள். நிழலுக்கு மரம், உட்கார பெஞ்சு, குழந்தைகள் ஓட ஒரு மூலை, சாயங்காலம் பாட்டோ பேச்சோ நடத்த ஒரு சின்ன மேடை. அப்பார்ட்மெண்ட்காரர்கள், லைன் வீட்டுக்காரர்கள், சர்ச்சுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வரலாம். ரிட்டையர்டு வாத்தியார் டெரிக் தலைவரானார். அவருடைய வீட்டு ஹாலில் முதல் கூட்டம் நடந்தது.

பிரபா சுவரில் படம் போட்டுக் காட்டினாள். வரைபடங்கள் முடிந்த பிறகு கடைசியாக ஒரு ஃபோட்டோ வந்தது. சாம்பல் நிற உறை, அதன்மேல் காக்கை எச்சம், சக்கரத்தைச் சுற்றிச் சருகு.

"இதான் அங்கிள் நம்ம பார்க்கிங் லாட்டோட நிலைமை. இந்த வண்டி நகர்ந்து நான் பாத்ததே இல்ல. யாரோ ஒரு மகானுபாவர் இடம் புடிச்சு வச்சிருக்காரு."

எல்லாரும் சிரித்தார்கள். கோவிந்தராஜன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் இருந்தவர் ஏன் இப்படிச் சிரிக்கிறார் என்று திரும்பிப் பார்க்கவும், ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று எழுந்து நின்றுவிட்டார்.

"பொது இடத்த அப்பன் வீட்டுச் சொத்தா நினைக்கிறானுங்க பாருங்க, அவனுங்களாலதான் இந்த ஊரு இப்படி நாறுது. கொஞ்சமாவது கூச்சம் வேணாமா?"

கைதட்டல் வந்தது. அந்தக் கைதட்டலில் அவரையே செயலாளராக ஆக்கிவிட்டார்கள். கூட்டம் முடிந்து மங்களமும் அவரும் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். லிஃப்டில் ஏறிக் கதவு மூடியதும் கேட்டாள்.

"அந்த அப்பன் வீட்டுச் சொத்த எப்ப எடுக்கப் போறீங்க?"

"எடுத்துடலாம். சும்மா இரு."

எடுக்கத்தான் நினைத்தார். அதில் சந்தேகமே வேண்டாம். பழைய இரும்பு வாங்குகிற குஜிரிக்காரருக்கு மறுநாளே ஃபோன் செய்தார். அந்த ஆள் வண்டிப் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். வேலூர்க்காரர் பெயரில் என்றதும், அந்த வம்பு நமக்கு வேண்டாம் சார் என்று வைத்துவிட்டார். இன்னொருவர் புத்தகம் இல்லாமலே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் பட்டப்பகலில் கிரேனோடுதான் வருவாராம். பட்டப்பகலில், எல்லாரும் பால்கனியில் நிற்கும்போது, செயலாளர் பக்கத்தில் நின்று அந்தக் காரை ஏற்றிவிடுவதா? அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரமும் அப்படியே போனது. கூட்டத்துக்குக் கூட்டம் கோவிந்தராஜனின் பேச்சில் மட்டும் சூடு ஏறிக்கொண்டே போனது.

ஒரு கூட்டத்தில் டெரிக்தான் அய்யாவுவின் பேச்சை எடுத்தார். "வண்டி எல்லாம் போய்ட்டா அந்த மனுஷன் பொழப்பு என்ன ஆகறது? அவனையே இந்த இடத்துக்குக் கேர்டேக்கரா போடுவோம் மேன். காலைல கேட்டைத் திறக்கட்டும், செடிக்குத் தண்ணி ஊத்தட்டும், கூட்டிப் பெருக்கட்டும். மாசச் சம்பளம் குடுப்போம்." எல்லாரும் சரி என்றார்கள். விஷயத்தை அய்யாவுவிடம் சொன்னதே கோவிந்தராஜன்தான். மாசச் சம்பளம் என்ற வார்த்தையைக் கேட்டு அய்யாவு கையில் இருந்த துணியை இரண்டு தடவை பிழிந்தார்.

"நெஜமாவா சார்? மழ நாள்லயும் குடுப்பாங்களா?"

"மழையாவது வெயிலாவது. மாசம் பொறந்தா வந்துடும்."

"எம்மா பெரிய விஷயம் சார் இது. எங்க பாப்பாகிட்ட சொல்லணும்." பாப்பா என்றால் அவருடைய மகள் சங்கமித்ரா. ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். இனி அப்பா குனிந்து கார் துடைக்க வேண்டியதில்லை என்று அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டதாக அடுத்த நாள் அய்யாவுவே சிரித்துக்கொண்டு சொன்னார்.

இடத்தைக் காலி செய்கிற நாள் ஒரு சனிக்கிழமை. முந்தின நாளே எல்லாரும் வண்டிகளை எடுத்துவிட்டார்கள். கோவிந்தராஜன் அன்று கம்பெனியில் ஆடிட் என்று சொல்லிப் பொம்மசந்திராவிலேயே இருட்டும்வரை இருந்துவிட்டு வந்தார். கார்ப்பரேஷன்காரர்களே வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், சனி விட்டது என்று இருக்கலாம் என்பது அவருடைய கணக்கு. மனிதனுக்கு வெட்கம் வந்துவிட்டால் புத்தி எப்படியெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள்.

சனிக்கிழமை காலையில் மங்களம் காப்பியைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "இப்பவும் ஒண்ணும் ஆகல. கீழ போய், என்னோடதுதான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றுதான் இறங்கிப் போனார்.

கீழே நல்ல கூட்டம். காலி மைதானத்தின் நடுவில் அந்த ஒரே ஒரு கார் நின்றது. கார்ப்பரேஷன் இன்ஜினியர் அதைச் சுற்றி வந்து, "யார்த்ரீ ஈ காடி?" என்று கன்னடத்தில், யார் வண்டி எனக் கேட்டுச் சத்தம் போட்டார். யாரோ உறையை உருவினார்கள். பிரபா நம்பரைத் தன் ஃபோனில் அடித்துப் பார்த்தாள். வேலூரில் இருக்கிற யாரோ ஒருவர் பெயர் வந்தது. கோவிந்தராஜனுக்கு மூச்சு சீரானது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிறகு அவர் ரொம்பவும் கூசிப்போனார்.

அப்போது முதல் மாடிக்காரர் ஒருவர் கையை நீட்டினார். "இந்த ஆளத்தான் கேக்கணும். ஞாயித்துக்கிழமையானா இவன்தான் இந்த வண்டியத் தள்ளுவான். நான் பால்கனியிலேர்ந்து எத்தனையோ தடவ பாத்திருக்கேன்."

எல்லாரும் அய்யாவுவைப் பார்த்தார்கள். அன்று கேர்டேக்கராகப் பொறுப்பு ஏற்கிற நாள் என்று துவைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"யார் வண்டி அய்யாவு?" என்றார் டெரிக்.

அய்யாவு கோவிந்தராஜனை ஒரு தடவை பார்த்தார். முறைக்கவில்லை, கெஞ்சவில்லை. பஸ் ஸ்டாப்பில் முன்னால் நிற்பவர் ஏறட்டும் என்று காத்திருப்பதுபோல் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியாது சார்."

"தெரியாமயா தள்ளின?"

"தள்ளுனது நெசந்தான் சார்."

"யாரு தள்ளச் சொன்னா?"

அய்யாவு வெள்ளைச் சட்டையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வெளி ஆட்களிடம் காசு வாங்கிக்கொண்டு இடம் பிடித்துக் கொடுக்கிறான், இது இன்று நேற்று நடக்கிற வியாபாரமா என்று ஒரு குரல். இவன் கையிலா இந்த இடத்தின் சாவியைக் கொடுப்பது என்று இன்னொரு குரல். டெரிக்குக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "என்ன மேன், உன்ன நம்பித்தானே நான் பேசினேன்" என்றார். பிறகு திரும்பி, "செகரட்டரி, நீங்க சொல்லுங்க. இவருக்கு இந்த வேலையக் குடுக்கலாமா?" என்று கேட்டார்.

என்னோடதுதான் என்கிற ஒரு வார்த்தை கோவிந்தராஜனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அது அங்கேயே நின்றது. அதற்குப் பதிலாக வேறொன்று வெளியே வந்தது.

"கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான்."

அவ்வளவுதான் சொன்னார். அது போதுமானதாக இருந்தது. கிரேன் வந்து காரைத் தூக்கி லாரியில் வைத்தது. அய்யாவு தன் பக்கெட்டை எடுத்துக்கொண்டு, சர்ச் பக்கமாக நடந்து போனார். மேலே ஆறாவது மாடி பால்கனியில் மங்களம் நின்றிருந்தாள். கோவிந்தராஜன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. தரைக்குக் கல் பாவினார்கள், புங்கங்கன்று நட்டார்கள், சுவரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் வரைந்தார்கள். வாசலுக்கு ஒரு ஏஜென்சியிலிருந்து சீருடை போட்ட ஆளை வரவழைத்தார்கள். கோவிந்தராஜன் எல்லாக் கூட்டத்துக்கும் போனார், பேசுவது மட்டும் குறைந்துவிட்டது. அடக்கமான மனிதர் என்று பெயர் வாங்கினார். வீட்டில் மங்களம் சாப்பாடு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து, "கார் எங்கப்பா நிறுத்தறது?" என்று கேட்டபோது கோவிந்தராஜனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மெட்ரோவில் வந்தால் என்ன என்று எரிந்து விழுந்தார். அதற்கும் சேர்த்துப் பிறகு வெட்கப்பட்டார்.

திறப்பு விழா அன்று காலையில், ஒரு பையில் ஆப்பிளும் ஸ்வீட் பெட்டியும் வாங்கிக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டிப் போனார். லைன் வீட்டின் கதவை சங்கமித்ரா திறந்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உள்ளே சின்ன மாடத்தில் புத்தர் படத்துக்கு முன்னால் ஒரு ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது.

"அப்பா இருக்காராம்மா?" என்றார். அய்யாவுக்கு "ர்" போட்டுத் தான் பேசியது இதுதான் முதல் தடவை என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"வைட்ஃபீல்டு போயிருக்காரு. அங்க ஒரு அப்பார்ட்மெண்ட்ல வண்டி தொடைக்கிறாரு. மொதல் பஸ்ஸுக்கே போயிடுவாரு. முட்டி வலி வேற."

"உங்கப்பாகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்மா. அந்தக் கார் விஷயமா."

"தெரியும் சார்."

"அவரு ஏம்மா என் பேரச் சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே."

சங்கமித்ரா அவரை நேராகப் பார்த்தாள். "நானும் அதத்தான் கேட்டு சண்ட போட்டேன். 'பெரிய மனுஷன் அத்தன பேர் எதிர்ல நிக்கிறாரு, என் வாயால சொன்னா அவருக்கு மரியாத இல்ல. அவரே சொல்லிடுவாருன்னு நின்னேன்'னு சொன்னாரு. நீங்க சொல்லுவீங்கன்னுதான் சார் அங்கயே நின்னுக்கினு இருந்தாரு."

கோவிந்தராஜனுக்கு நின்ற இடத்திலேயே உடம்பு சுருங்கிப்போனது. அய்யாவு தன்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியதாகத்தான் இத்தனை நாளும் அவர் நினைத்திருந்தார். அந்தப் பார்வை தனக்கு வழிவிட்ட பார்வை என்பது இப்போதுதான் புரிந்தது. பையை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"எங்கப்பாகிட்ட இதச் சொல்ல வேணாம் சார். அவருக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்ட போய் சொல்லுங்க."

"இன்னிக்கே சொல்றேன்மா. சாயங்காலம் எல்லாரும் இருப்பாங்க. சத்தியமா சொல்றேன்."

"நான் வந்து கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டைப் பூட்டினாள்.

சாயங்காலம் அந்த இடம் கொள்ளாத கூட்டம். கோவிந்தராஜனே அசந்து போனார். சர்ச் கொயர் ஒரு பக்கம் பாடியது. லைன் வீட்டுப் பிள்ளைகளும் அப்பார்ட்மெண்ட் பிள்ளைகளும் ஒரே பந்துக்கு அடித்துக்கொண்டார்கள். பெஞ்சுகளில் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து கதை பேசினார்கள். இத்தனை பேர் உட்காரக்கூடிய இடத்தையா ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்காக மூடி வைத்திருந்தோம் என்று அவருக்கு ஆறவே இல்லை. கேட்டுக்கு வெளியே, சூப்பர் மார்க்கெட் சட்டையோடு, சங்கமித்ரா வந்து நின்றதைப் பார்த்தார். மங்களம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நன்றி சொல்லச் செயலாளரைக் கூப்பிட்டார்கள். கோவிந்தராஜன் மேடையேறி மைக்கைப் பிடித்தார். நன்றி எதுவும் சொல்லவில்லை.

"இங்க உறை போட்டு ஒரு கார் நின்னுக்கிட்டு இருந்துச்சே, அது என்னோடது. என் பையன் வந்தா நிறுத்தறதுக்காக நான்தான் போட்டு வச்சிருந்தேன். அய்யாவுவத் தள்ளச் சொன்னதும் நான்தான். அவர் ஒரு பைசா யார்கிட்டயும் வாங்கல. அன்னிக்கு எல்லாரும் அவரத் திருடன் மாதிரி கேக்கறப்ப, நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அவர் வேலை என்னாலதான் போச்சு."

கோவிந்தராஜன் அடிக்குக் காத்திருந்தார். யாராவது ஒருவர் சீ என்று சொன்னால்கூடப் போதும் என்று இருந்தது.

முதலில் சிரித்தது டெரிக்தான். "அடப்பாவி, நம்ம செகரட்டரி காரா மேன் அது!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அந்தச் சனிக்கிழமை கை நீட்டிய அதே முதல் மாடிக்காரர், "விடுங்க சார், இந்த ஊர்ல யாருதான் இடம் புடிக்கல" என்று கத்தினார். பிரபா ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தன பேர் முன்னாடி ஒத்துக்கறதுக்கு எவ்ளோ தைரியம் வேணும் அங்கிள். கிரேட்!"

"அய்யாவுக்கு அந்த வேலைய" என்று ஆரம்பித்தார்.

"பாவம்தான். ஆனா ஏஜென்சியோட வருஷ அக்ரிமெண்ட் போட்டாச்சே" என்றார் டெரிக், இன்னும் சிரிப்பு அடங்காமல். "அவருக்கும் ஏதாவது பாத்துச் செய்வோம். மொதல்ல நம்ம கோவிந்தராஜனுக்கு ஒரு கை குடுங்க எல்லாரும்!"

கைதட்டினார்கள். ஒருவர் விசிலும் அடித்தார். ஒரே கார், ஒரே குற்றம். அய்யாவு அதைச் செய்தார் என்று நினைத்தபோது திருட்டு, தான் செய்ததாகச் சொன்னதும் வேடிக்கை. கோவிந்தராஜனுக்கு உள்ளங்காலிலிருந்து தலைவரை எரிந்தது. வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டு அவர் நின்றது இல்லை.

"கை தட்டாதீங்க" என்றார் மைக்கில். "தயவு செஞ்சு யாரும் கை தட்டாதீங்க."

அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து நின்று தட்டினார்கள். நின்ற தலைகளுக்கு மேலாக எக்கி அவர் கேட்டைப் பார்த்தார். சீருடைக்காரர் மட்டும் அங்கே நின்று, தன் பங்குக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார். சங்கமித்ரா போய்விட்டிருந்தாள்.